பற்றவைத்துக் கொடுத்தவள்

சென்ற மாதம் தஞ்சாவூரில் புதிய களப்பணியாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. பழைய ஆட்கள் என்று நான்கு பேரை மேடையில் உட்கார வைத்தார்கள். மற்ற மூவரும் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. பதினோரு ஆண்டுகள் ஒரே ஆய்வில் ரத்தம் எடுத்தேன். அந்த ஆய்வு முடிந்து அது நடந்த அறையையும் பூட்டிவிட்டார்கள். ஆகவே நானும் ஓய்வு பெற்றவள்தான்.

பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஆறு நிமிடம் போயிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “அக்கா, இப்ப ரத்தத்தைப் பார்த்தாலே ஒருத்தர் புகை பிடிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சுடுது. அப்புறம் ‘புகை பிடிப்பீங்களா’ங்கிற அந்தக் கேள்வி எதுக்கு? புது படிவத்துல எடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க.”

“கேள்வி இருக்கட்டும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வயல் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு நிமிரும். நிமிரட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கும்பகோணத்தில் ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு. காலையில் டவுன் பஸ், படியில் ஒரு கால்தான் இடம். படிப்பு முடிந்து மூன்றாவது வேலையாக இந்த ஆய்வில் சேர்ந்தேன்.

புகையிலைப் புகை மனிதரின் எபிஜெனோமில் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. எபிஜெனோம் என்ற சொல்லைக் கேட்டதும் நானும் முதலில் பயந்தேன். நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து பிறந்தது முதல் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் அதன்மேல் மெத்தில் என்ற மிகச் சிறிய வேதிப்பொருள் அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டிய இடத்தில் மரபணு பெரும்பாலும் அடங்கியிருக்கும். விலகினால் வேலை செய்யத் தொடங்கும். புகை உள்ளே போகப் போகச் சில இடங்களில் இந்த மெத்தில் குறைகிறது, சில இடங்களில் கூடுகிறது. உள்ளே வந்த நஞ்சைச் சமாளிக்க உடம்பு செய்துகொள்ளும் மாற்றமும் அதில் உண்டு, நோய்க்கு வழிவிடும் மாற்றமும் உண்டு. புகையை விட்டால் பல இடங்கள் மெல்லத் திரும்பிவிடும். சில இடங்கள் ஆண்டுக்கணக்கில் திரும்புவதில்லை.

இதையெல்லாம் வயல்காட்டில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன். வாய்க்கால் ஒன்றுதான், எந்த மடை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த வயலில் தண்ணீர் பாயும் என்பது. புகை, வாய்க்காலை வெட்டிப் போடுவதில்லை. மடைகளில் கை வைக்கிறது. ஒரு டீக்கடையில் இதைக் கேட்ட ஒரு விவசாயி, “பீடி குடிச்சா மடை தொறக்குதுங்கிற. தண்ணி பாஞ்சா நல்லதுதானே பாப்பா?” என்றார். அறுப்பு நேரத்தில் திறந்தால் நல்லதா என்று கேட்டேன். கையிலிருந்த பீடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெவரமாத்தான் பேசுற” என்றார். இன்னொரு இழுப்பு இழுத்து முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

ஊசி குத்துவதை யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் பெருமைப்பட்டது லேபிள் ஒட்டுவதில். டியூபுக்கு ஊதா மூடி. உள்ளே ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவியிருக்கும். ரத்தம் இறங்கியதும் எட்டு முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் செல் உடையும். கவிழ்க்காமல் விட்டால் கட்டியாகும். அவர் நாற்காலியை விட்டு எழுமுன் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். பெயரை நாம் சொல்லி, “நீங்கதானே?” என்று கேட்கக் கூடாது, எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காக எதற்கும் தலையாட்டுவார்கள். அவர் வாயால் பெயர் வர வேண்டும், நாம் எழுதி அதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு ஐஸ் பெட்டி. மதியத்துக்குள் தஞ்சாவூர். டியூபைச் சுழலவிட்டால் அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாகப் பிரியும்; நடுவில் பாலாடை போல வெள்ளையாக மெல்லிய ஒரு படலம் நிற்கும். டி.என்.ஏ. கிடைப்பது அதில்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உறிஞ்சி எடுத்து உறைபெட்டியில் வைப்போம். முதல் மூன்று ஆண்டுகளில் என் டியூப் ஒன்றுகூட மாறியதில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைவர் டாக்டர் ரெங்கநாயகி. படிவத்தை நின்றுகொண்டுதான் படிப்பார், ஜன்னல் ஓரமாக. வண்டி ஓட்டுபவரிலிருந்து என்வரை எல்லோரும் அவருக்கு ‘ங்க’தான். ‘தப்பு’ என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பொருந்தலை’ என்பார். ஒருவர் என்ன பதில் சொன்னார் என்று நாம் ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். “கேட்டதைச் சொல்லுங்க. பதிலை அப்புறம் பாக்கலாம்.” எந்தச் சொல்லால் கேட்டோம், எங்கே வைத்துக் கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவரையே நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்து, படிவமும் நிரப்பச் சொல்வார். என் படிவத்தில் ‘புகைப் பழக்கம்: ஒருபோதும் இல்லை’ என்று நான் போட்ட டிக் அந்தக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தமானது.

நான்காவது ஆண்டு மாசி மாதம், அறுப்பு முடிந்த நேரம், எங்கள் அம்மா பிறந்த ஊருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் காசாம்பு என்று ஒருவர், பெயரை மாற்றியிருக்கிறேன். அம்மாவுக்கு ஊர் முறையில் அண்ணி, எனக்கு அத்தை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுற்றிலும் நடவு வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர் அவர்தான். காசாம்பு வராவிட்டால் நடவு இல்லை என்பார்கள். கையில் நரம்பு தேடியபோது, “சேத்துல கெடந்த கையி. நரம்பு வேணும்னா நீ நாத்தங்காலுக்குள்ள எறங்கித்தான் பாக்கணும்” என்றார். படிவத்தை எடுத்து, “நீங்க புகை பிடிப்பீங்களா?” என்று கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாழ்வாரமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் போட்டேன்.

அன்று ஒரே ஒரு பெண்தான் ஆமாம் என்றார். ராஜாமணி என்று ஒரு வயதானவர். “சுருட்டு குடிப்பேன். என்ன இப்ப, வாங்கித் தரப் போறியா?” என்றார். அவருக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. அந்த டியூப் கட்டியாகி, தஞ்சாவூர் போனதும் பயன்படாது என்று கொட்டிவிட்டார்கள். வரிசையை முடிக்கும் அவசரத்தில் நான் எத்தனை முறை கவிழ்த்தேன் என்று எனக்கு இன்றுவரை உறுதியில்லை.

புரட்டாசியில் டாக்டர் கூப்பிட்டார். பரிசோதனை முடிவுகள் வந்திருந்தன. காசாம்பு என்று லேபிள் ஒட்டிய ரத்தத்தில் இருந்த மடைகளெல்லாம் நெடுங்காலம் புகைத்தவருடையவை. பெண்ணின் ரத்தம்தான், அதில் சந்தேகமில்லை. அன்றைக்குப் புகைப்பதாகச் சொன்ன ஒரே பெண் ராஜாமணி. அவருடைய டியூப் வீணாகிவிட்டது. அப்படியானால் வீணானது காசாம்புவுடையது, காசாம்பு என்று வந்தது ராஜாமணியுடையது, லேபிள் மாறிவிட்டது என்று ஆய்வகம் சந்தேகப்பட்டது. ராஜாமணி ஆனியில் இறந்துபோயிருந்தார்.

“என் கை மாத்தாது மேடம்” என்றேன்.

“இருக்கலாங்க. ஆனா காகிதத்துல பொருந்தலை.”

தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. காசாம்புவிடம் இன்னொரு டியூப் வாங்க வேண்டும். இரண்டு ரத்தத்தின் டி.என்.ஏ. எழுத்தும் ஒன்றானால் லேபிள் சரி, நான் சரி. கிடைக்காவிட்டால் அந்த ஒரு நாள் எடுத்த அத்தனை பேர் ரத்தத்தையும் ஆய்விலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். என் கோப்பில் எழுதுவார்கள். தனியாகப் பார்த்துப் பேசுங்க, முடிவு என்ன வந்தது என்று சொல்லாதீங்க, வியாழக்கிழமை போங்க என்றார் டாக்டர்.

நான் வியாழன்வரை பொறுக்காமல் அன்று பிற்பகலே போனேன். காசாம்பு அத்தை வாசலில் நாற்று கட்டுவதற்கு வைக்கோல் பிரி உருவிக்கொண்டிருந்தார். அவருடைய ஓரகத்தி வேம்பு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. மூன்று ஆண்டு சுத்தமான கையின்மேல் ஒருவர் கறை போட்டுவிட்ட ஆத்திரம்.

“அத்தை, மறைக்காம சொல்லுங்க. பீடி குடிப்பீங்களா? உங்க ரத்தத்துல தெரியுது. ரத்தம் பொய் சொல்லாது.”

முறம் நின்றது. அத்தை நிமிர்ந்தார்.

“நான் இல்லேங்கிறேன். அது ஆமாங்குதா?” என்றார். பிரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

நான்கு நாள் கழித்து என் அம்மாவுக்குச் சேதி வந்தது. சம்பா நடவில் வரிசை கட்டி நின்றபோது எவளோ ஒருத்தி, “அக்கா, தீப்பெட்டி வேணுமா?” என்று கேட்டிருக்கிறாள். இன்னொருத்தி, “அவளுக்கு எதுக்குடி, ரத்தமே புகையுதாம்” என்றிருக்கிறாள். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. காசாம்பு கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாராம். அந்த வாரம் ஆள் கூட்டிப் போனது வேறு ஒருத்தி.

அம்மா அதைச் சொல்லிவிட்டு, “படிச்சவ பண்ற வேலையாடி இது?” என்றாள். என் படிப்பைப் பற்றி அவள் அதுவரை நல்லதைத் தவிர எதுவும் சொன்னதில்லை.

டாக்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மாசியில கேட்டதைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். “எங்க வச்சு?” சொன்னேன். “இப்ப கேட்டதைச் சொல்லுங்க.” சொன்னேன். “பக்கத்துல யாரு?” சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் கடைசியாக ஒரு பத்தி உண்டு. கொடுத்த ரத்தத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்கிற பத்தி. நாங்கள் எல்லோரும் அதை வேகமாக ஓட்டிவிடுவோம். அதை அந்த அம்மாவிடம் மெதுவாகப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். “ரெண்டாவது டியூபைப் பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க. அவங்களாக் குடுத்தா வாங்கிக்கங்க.”

“குடுக்கலைன்னா, மேடம்?”

“பொருந்தலைன்னு எழுதுவேங்க.”

மறுநாள் காலை காசாம்பு அத்தையை வயலில்தான் பிடிக்க முடிந்தது. கூட்டத்தோடு போகாமல், ஒரு சின்ன வயலில் நாற்றுப் பிடிக்காத இடங்களில் தனியாகத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. வேம்புவை வைத்துக்கொண்டு கேட்டது என் பிழை என்றேன். அடுத்த நாற்றை எடுத்து ஊன்றினார். பையிலிருந்து படிவத்தை எடுத்து வரப்பில் நின்றபடி படிக்க ஆரம்பித்தேன்.

“உக்காந்து படி. நின்னுக்கிட்டுப் படிச்சா நோட்டீஸ் ஒட்ட வந்தவ மாதிரி இருக்கு.”

உட்கார்ந்து படித்தேன். முடித்ததும், காரணம் சொல்லவே வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் பிறகு வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காரணம் கேட்காததால்தானோ என்னவோ, அவராகச் சொன்னார்.

சிறுபெண்ணாக இருக்கும்போது அவர் அப்பாவுக்குச் சுருட்டு. அடுப்பில் கொள்ளி இருக்கும்போது தீப்பெட்டி எதற்கு. உள்ளே கொண்டுபோய்க் கொள்ளியில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்து நுனி சிவந்ததும் கொண்டுவந்து கொடுப்பார். கல்யாணம் ஆகி வந்த வீட்டில் மாமனாருக்கும் அப்படியே. பிறகு புருஷன் தங்கராசு, நெல் மூட்டை தூக்கினவர், அவருக்குப் பீடி. இதெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்துதான். ஆனால் தங்கராசுவுக்குப் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. கை தீக்குச்சியைப் பிடிக்காது. உதடு ஒருபக்கம் தொங்கிவிட்டதால் இழுக்க வராது. பீடியோ இழுக்காவிட்டால் அணைந்துபோகிற சாதி. இவர் இழுத்து, கனிய வைத்து, அவர் வாயில் வைத்து, உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். பாதியில் அணையும். மறுபடி இவர் இழுக்க வேண்டும். ஒரு பீடிக்கு நாலு தடவை, ஐந்து தடவை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ஏழு வருஷம்.

“நிறுத்தச் சொல்லலையா அத்தை?”

“சொல்லாம? கையி போச்சு, காலு போச்சு, பேச்சு போச்சு. இது ஒண்ணுதான் கேட்டாரு. இதையும் இல்லேன்னா நான் என்ன பொம்பள?”

ரத்தம் எடுத்த மாசிக்கு இரண்டு வருஷம் முன்பே தங்கராசு இறந்துவிட்டார். அதன்பிறகு அமாவாசைக்கு அமாவாசை அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோற்றோடு ஒரு பீடியும் பற்றவைத்து வைப்பாராம். படைக்கிற பீடியையும் யாராவது ஒருவர் இழுத்துத்தானே கனிய வைக்க வேண்டும்.

“நான் குடிக்கிறேனான்னு நீ கேட்ட. நான் எங்க குடிச்சேன்? எனக்குன்னு ஒண்ணு வாங்கியிருக்கேனா?”

அப்போதுதான் எனக்கு என் சொந்த அடுப்பங்கரை ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்புவரை என் அப்பாவின் பீடியைக் கொள்ளியில் பற்றவைத்துக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். முதல் இழுப்புக்கு இருமல் வரும், அப்பா சிரிப்பார். எங்கள் தெருவில் இதைச் செய்யாத பெண் பிள்ளை இல்லை. அதே நான்தான் காகிதம் கிழிகிற மாதிரி ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் போட்டேன். பொய் சொல்லவில்லை. அது புகைப்பது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். வெளியூர்க்காரர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுதியிருந்தால் அவரை மன்னிக்கலாம். அதை நான்கு ஆண்டு ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனது நான்.

“நிறுத்தித்தான் வருஷம் ஆச்சே. இன்னமுமா தெரியுது?” என்று கேட்டார்.

சில மடை திரும்ப அடைபடும், சிலது லேசில் அடைபடாது என்றேன். பழைய செல் போய்ப் புதியது வரும்போது, எந்த மடை திறந்திருந்தது என்பதையும் பார்த்து எழுதிக்கொள்கிறது என்று டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்.

“உசிரோட இருந்தப்ப ஒரு பேச்சு கேட்டதில்ல. போயும் விட மாட்டேங்கிறாரு பாரு” என்றார்.

பிறகு எழுந்தார். “அந்த ரத்தத்தைக் கீழ ஊத்திடு. அது என்னைக் கேக்காம பேசுது.”

என் பையில் ஊதா மூடி போட்ட டியூப் ஒன்று இருந்தது. என் வேலை இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கையை நீட்டிவிடுவார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். படிவத்தில் கட்டைவிரலை உருட்டி வைத்துவிட்டு, “உனக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார்.

“ஆகாது அத்தை” என்றேன். பதினோரு ஆண்டு வேலையில், ரத்தம் கொடுத்த ஒருவரிடம் தெரிந்தே நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

டாக்டரிடம் ரேகை வைத்த காகிதத்தைக் கொடுத்தேன். காரணத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. யார் என்று சொல்லாமல், படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் எழுதினார்: ‘பீடியோ சுருட்டோ யாருக்காவது பற்றவைத்துக் கொடுத்ததுண்டா? எந்த வயது முதல் எந்த வயது வரை?’ எழுதியதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “இதை நாம கேக்கவே இல்லைங்க” என்றார்.

உறைபெட்டியிலிருந்து அத்தையின் வெள்ளைப் படலம் இருந்த சின்னக் குப்பியை நான்தான் எடுத்தேன். விதிப்படி இரண்டு பேர் பார்க்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் நின்றார். உருகும்வரை காத்திருந்து பிளீச்சிங் கரைசலில் ஊற்றினேன். என் கை சரி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கோப்பில் ஒரு வரி ஏறியது: ‘மாதிரி மாறியிருக்க வாய்ப்பு, உறுதிசெய்ய இயலவில்லை.’ மாசியில் அன்று எடுத்த ரத்தம் முழுவதையும் ஒதுக்கினார்கள். அந்த ஊருக்கே திரும்பப் போய், இசைந்தவர்களிடம் மறுபடி எடுத்தேன். “போன தடவை எடுத்ததை எங்க வித்த?” என்று கேட்டார்கள். வேம்பு கை நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மேற்பார்வையாளர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. அந்த வரியால்தான் என்று யாரும் சொல்லவில்லை.

புதிய கேள்வியை முதன்முதலாகத் தாராசுரம் பக்கம் ஒரு வீட்டில் கேட்டேன். ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்டேன். அந்தப் பெண், “அதெல்லாம் ஒரு விஷயமாம்மா?” என்றுவிட்டு, விரல்விட்டு வருஷம் எண்ண ஆரம்பித்தார். பிறகு ஊருக்கு ஊர் அப்படி எண்ணினார்கள். என் படிவத்தையும் கேட்டு வாங்கி, பழைய டிக்கை அடித்து, ‘எட்டாம் வகுப்பு வரை, அப்பாவுக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். புகை வந்து போனதை ரத்தம் சொல்லும். அதில் நான் இன்றும் சந்தேகப்படவில்லை. யாருக்காக வந்தது, எந்த அடுப்பங்கரையில் வந்தது என்பது அதற்குத் தெரியாது. அது தெரியாமல் ஒருவரைப் ‘புகைப்பவர்’ என்ற கட்டத்தில் போட்டால், நாம் கண்டுபிடித்தது நோயா, வேறு ஒரு வாழ்க்கையா என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பிவிட மனம் வரவில்லை. இது நான் சொல்லக் கூடியதா என்று காசாம்பு அத்தையைத்தான் கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நடவுக்கு இப்போது இயந்திரம் வருகிறது. அத்தை ஆடு வைத்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். தீப்பெட்டிப் பேச்சு வந்தபோது முகம் சுருங்கியது. பொய் சொன்னேன் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சி கெட்ட கேடு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஊத்த வேணாம்னு சொல்லல. வேம்புவை வச்சுக்கிட்டு நீ கேட்ட கேள்விக்கு அதுதான் சரின்னு நினைச்சேன்.”

இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சரிதான் என்று எனக்கும் பட்டது. மிச்சத்தையும் படித்தேன். போடு, பேரை மட்டும் மாற்றிவிடு என்றார். நான் காகிதங்களை மடித்துப் பையில் வைத்து எழுந்தேன். வாசல்வரை வந்தவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“ஒண்ணு விட்டுப்போச்சு. நான்தான் சொல்லல. சில நாளு, அவரு வாயில வைக்கிறதுக்கு முன்னாடி, எனக்குன்னு ரெண்டு இழுப்பு சேத்து இழுத்துக்குவேன். நல்லாத்தான் இருக்கும். அதையும் எழுதிக்க.”